நகர மையம் எங்கே முடிகிறது? ஓர் எல்லைக் கோடு பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நடுத்தர அளவுள்ள ஒரு நகரம். ஒரு பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ரயில் பாதை, இரண்டுக்கும் நடுவே பழைய தெருக்கள். நகர மையத்தைச் சீரமைக்க ஒரு திட்டத்துக்கு நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. தீர்மானத்தில் 'நகர மையப் பகுதி' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அது எதுவரை என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. வரைபடமும் இணைக்கவில்லை. தீர்மானம் எழுதியவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நகர மையம் எது என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அவர்கள் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்த ஒரு சொல்லை நம்பி மூன்று காரியங்கள் இருந்தன. முதலாவது, மையப் பகுதியில் உள்ள கட்டட உரிமையாளர்களிடம் கூடுதல் பராமரிப்புக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தை அதே பகுதியின் துப்புரவுக்கும் காவலுக்கும் செலவிடுவது. 1970இல் டொராண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதியில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய முறை இது. இரண்டாவது, மையப் பகுதியில் புதிதாகக் கட்டுபவர்களுக்கு, இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்ற பார்க்கிங் விதியிலிருந்து விலக்கு. மூன்றாவது, நடைபாதை, தெருவிளக்கு, சாலைக் கடப்பு ஆகிய வேலைகளுக்கான நிதி. ஆக, கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்குச் செலவும் உண்டு, சலுகையும் உண்டு. வெளியே இருப்பவருக்கு இரண்டும் இல்லை.

எல்லையைப் பரிந்துரைக்க ஏழு பேர் கொண்ட பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. நகரமைப்பு அலுவலர் ஒருவர், வணிகர்கள் சார்பில் ஒரு மூத்தவர், ரயில் பாதைக்கு அப்பால் குடியிருப்பவர்கள் சார்பில் ஒரு பெண்மணி, பழைய கிடங்குகளின் உரிமையாளர், பேருந்துத் துறையிலிருந்து ஒருவர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர், அப்புறம் நான். வரைபடம் வரைவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. இந்த ஆய்வில் உள்ளவை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்தவை. யார் பெயரையும், ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை.

## முதல் கூட்டம்

அலுவலர் ஒரு பெரிய தெரு வரைபடத்தை மேசையில் விரித்து, ஆளுக்கொரு நிறப் பேனா கொடுத்தார். "சும்மா ஒரு கோடு போடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த வேலை அது. ஏழு கோடுகள் வந்தன, ஒன்று போல் இன்னொன்று இல்லை.

வணிகர்களின் மூத்தவர் போட்டது மிகச் சிறிய வட்டம். நீதிமன்றத்திலிருந்து பேருந்து நிலையம் வரை, நான்கு தெருக்கள், அவ்வளவுதான். "நான் கடை வச்ச காலத்துல இதுதான் டவுன். மத்ததெல்லாம் டவுனை ஒட்டி இருக்கிற இடம்" என்றார். கிடங்கு உரிமையாளரின் கோடு ஆற்றங்கரையில் தொடங்கி அவருடைய கிடங்குகளையும் தாண்டிப் போனது. பேருந்துத் துறைக்காரர் நிறுத்தங்களை இணைத்து ஒரு வடிவம் போட்டார். ரயில் பாதைக்கு அப்பால் இருந்து வந்த பெண்மணி, பாதையைத் தாண்டி முதல் தெருவையும் சேர்த்துக்கொண்டார். மூத்தவர் அதைப் பார்த்து, "அது வேற ஊர் மாதிரி ஆச்சேம்மா" என்றார். அந்தச் சொல் பெண்மணிக்கு வலித்தது. "என் வீட்டு வாசல்ல இருந்து பத்து நிமிஷம் நடந்தா நீதிமன்றம் வருது ஐயா. உங்க வட்டத்தோட அந்த முனையில இருந்து நடந்தாலும் அதே பத்து நிமிஷம்தான்" என்றார்.

கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டது. முடிவில் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்: ஆற்றுப் பக்கம் எல்லை ஆறுதான்.

## மக்களிடம் கேட்டோம்

எங்கள் ஏழு பேர் மனத்தில் இருப்பதை வைத்து எல்லை போடுவது நியாயமில்லை என்று ஆசிரியர் சொன்னார். அவர் யோசனைப்படி, கோடு ஏதும் இல்லாத தெரு வரைபடத்தை நகல் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம், நூலகம், ரயில் நிலையம் ஆகிய மூன்று இடங்களில் நின்று, வருவோர் போவோரை வரையச் சொன்னோம். நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள் சேர்ந்தன.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். 'நகர மையத்தின் எல்லையை வரையுங்கள்' என்றால் பலர் தயங்கினார்கள், பரீட்சை எழுதுவது போல. பெண்மணி ஒரு மாற்றுச் சொன்னார்: "நீங்க நடந்து போய்க்கிட்டு இருக்கீங்க, யாரோ போன்ல எங்க இருக்கீங்கன்னு கேட்கிறாங்க. எந்த இடம் வந்ததும் 'டவுனுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்'ங்கிறதை விட்டுட்டு 'டவுன்ல இருக்கேன்'னு சொல்வீங்க?" இப்படிக் கேட்டதும் எல்லோரும் யோசிக்காமல் புள்ளி வைத்தார்கள். எல்லா வழிகளிலும் வைத்த புள்ளிகளை இணைத்தால் அவர்களுடைய எல்லை கிடைத்துவிடும்.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுவில் கருப்பாக ஒரு பகுதி. அங்கே எல்லோரும் ஒன்றுபட்டார்கள். ஆற்றுப் பக்கம் கோடுகள் ஒரே கயிறாகத் திரண்டிருந்தன. மற்ற பக்கங்களில் நூல் பிரிந்தது போல் பரவிக் கிடந்தன.

பரவியதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ரயில் பாதைப் பக்கம், பாதைக்கு அப்பால் வசிப்பவர்கள் தங்கள் முதல் தெருவைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பாதையோடு நிறுத்திக்கொண்டார்கள். மேற்கே, வயதானவர்கள் பழைய சந்தைத் தெருவை உள்ளே வைத்தார்கள். இளைஞர்களில் பலர் அதை விட்டுவிட்டுக் கிடங்குகள் இருந்த கிழக்குப் பக்கம் நீண்டார்கள். அங்கே சில கிடங்குகள் அலுவலகங்களாக மாறத் தொடங்கியிருந்தன.

ஆசிரியருக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நகர மையம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஒரு பக்கம் புதிய இடத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், இன்னொரு பக்கம் பழைய இடத்தைக் கைவிடும் என்று அமெரிக்கப் புவியியலாளர்கள் 1950களிலேயே எழுதியிருப்பதை அவர் எங்களுக்கு விளக்கினார். முதல் வகையைச் சேர்ப்பு மண்டலம் என்றும் இரண்டாவதைக் கைவிடு மண்டலம் என்றும் சொல்லலாம். கிடங்குப் பக்கம் முதலாவது, சந்தைத் தெரு இரண்டாவது. அன்று நான் அதைக் கூட்டக் குறிப்பில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டேன்.

இந்தச் சுற்றில் ஒரு குறையும் இருந்தது. மூன்று இடங்களிலும் பகலில்தான் நின்றோம். இரவு வேலைக்குப் போகிறவர்கள், கடை அடைத்த பிறகு தெருவைக் கூட்டுகிறவர்கள் யாரும் எங்கள் தாள்களில் இல்லை.

## அளந்து பார்த்தோம்

நகரமைப்பு அலுவலருக்கு, மக்கள் மனத்தில் இருப்பதை வரைந்த இந்த மனவரைபடம் மட்டும் போதவில்லை. "நாளைக்கு யாராவது வழக்குப் போட்டா, நூறு பேர் இப்படி வரைஞ்சாங்கன்னு நீதிமன்றத்துல சொல்ல முடியாது" என்றார். அது சரிதான். எனவே அளவு முறை ஒன்றையும் எடுத்துக்கொண்டோம்.

1954இல் கிளார்க் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர்கள் ரேமண்ட் மர்ஃபியும் ஜேம்ஸ் வான்ஸும் அமெரிக்காவின் ஒன்பது நகரங்களில் செய்து பார்த்த முறை அது. நான்கு தெருக்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடை, அலுவலகம், வங்கி, விடுதி போன்றவை மைய வணிகப் பயன்பாடு. வீடு, தொழிற்சாலை, மொத்த வியாபாரக் கிடங்கு, பள்ளி, வழிபாட்டிடம், அரசுக் கட்டடம், காலி மனை ஆகியவை அந்தக் கணக்கில் வராது. மைய வணிகப் பயன்பாட்டின் மொத்தத் தளப்பரப்பை அந்த பிளாக்கின் தரைத்தளப் பரப்பால் வகுத்தால் குறைந்தது 1 வர வேண்டும். பிளாக்கில் உள்ள மொத்தத் தளப்பரப்பில் பாதியாவது மைய வணிகமாக இருக்க வேண்டும். இரண்டிலும் தேறிய பிளாக்குகள், நிலமதிப்பு உச்சத்தில் உள்ள சந்திப்பைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். மூலையில் தொட்டாலும் போதும். தேறாத பிளாக்கைச் சுற்றிலும் தேறியவை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மையத்தை ஒட்டிய நகரமன்றம், நீதிமன்றம் போன்றவற்றுக்கும் இடம் உண்டு.

மாடி மாடியாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தோம். எனக்கு இதில் மரியாதை அதிகம், ஏனென்றால் இந்த முறை நம்மைத் தெருவில் இறக்கிவிடுகிறது. வெளியிலிருந்து கடைத்தெருவாகத் தெரிந்த ஓரிடத்தில் மேல்மாடிகள் முழுக்க வீடுகள் இருந்தன. வாசல் பூட்டியே கிடந்ததால் கிடங்கு என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு கட்டடத்தில் மூன்று தளமும் அலுவலகம்.

முடிவு பெரும்பாலும் மனவரைபடத்தின் கருப்புப் பகுதியோடு பொருந்தியது. பொருந்தாத இடங்கள் மூன்று. நடுவில் இருந்த பெரிய பார்க்கிங் திடலில் கட்டடமே இல்லாததால் அதற்குப் பூஜ்யம். சுற்றிலும் தேறிய பிளாக்குகள் இருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. சந்தைத் தெரு கொஞ்சத்தில் தேறவில்லை, காரணம் மாடிகள் காலியாகக் கிடந்தன. ரயில் பாதைக்கு அப்பால் உள்ள முதல் தெரு, ஆச்சரியமாக, இரண்டு அளவுகளிலும் தேறியது. ஆனால் அது மற்ற பிளாக்குகளைத் தொடவில்லை. நடுவில் தண்டவாளங்களும் ரயில்வே நிலமும் இருந்தன.

தண்டவாளம் தொடர்ச்சியை வெட்டுமா, வெட்டாதா? ஒரு கூட்டம் முழுக்க இதே பேச்சு. அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது, மக்கள் நடக்கிறார்கள், ஆகவே தொடர்ச்சிதான் என்றார் பெண்மணி. சுரங்கப்பாதை வழியே நாங்கள் எல்லோரும் ஒன்றாக நடந்து பார்த்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கே உள்ளே இருட்டு, சுவரில் நீர்க்கசிவு. வெளியே வந்ததும் வணிகர்களின் மூத்தவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இதுல தினமும் போறீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அந்த ஊரில் அறுபது வருடப் பழக்கம். சுரங்கப்பாதையில் நடந்தது அன்றுதான் முதல் முறை.

## குறிப்பேட்டில் கண்டது

நான்காவது கூட்டத்துக்கு முன்பு பழைய குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாவது கூட்டத்தில், பார்க்கிங் விலக்கு பற்றிப் பேசியபோது, கிடங்குப் பகுதி நகர மையத்தின் பிரிக்க முடியாத பாகம் என்று அதன் உரிமையாளர் வாதாடியிருந்தார். மூன்றாவது கூட்டத்தில், பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேசியபோது, அதே மனிதர் தன் இடம் மையத்துக்கு வெளியே இருக்கும் தொழில்பகுதி என்று சொல்லியிருந்தார்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் மற்றவர்கள் பேசியதையும் திருப்பிப் பார்த்தேன். மூத்தவரும் அப்படித்தான்: கட்டணம் என்றால் மையம் பெரியதாக இருக்கட்டும், செலவைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்றிருக்கிறார், தெரு வேலை என்றால் மையம் நான்கு தெருதான், பணம் சிதறக் கூடாது என்றிருக்கிறார். பெண்மணியும் விலக்கல்ல. விளக்கு வேண்டும் என்கிறபோது தன் தெரு மையம், கட்டணம் என்கிறபோது குடியிருப்பு.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது. ஒரு தெரு நடப்பவருக்கு மையமாகவும் கட்டணம் கட்டுபவருக்கு வெளியாகவும் இருக்க முடியும். நாங்கள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு, ஒரே பதிலைத் தேடிக்கொண்டிருந்தோம். நான்காவது கூட்டத்தில், யாரையும் சுட்டாமல், வாதங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி வைத்தேன். கிடங்கு உரிமையாளர் அதைப் படித்துவிட்டு, "இதுல ரெண்டு பக்கமும் நான்தான் இருக்கேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அதன்பிறகு பேச்சின் தன்மையே மாறியது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரே எல்லை என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். ஒவ்வொரு காரியத்துக்கும் தனிக் கோடு என்று முடிவானது. இதற்கு அலுவலர் முதலில் தயங்கினார்; மூன்று கோடு என்றால் மக்கள் குழம்புவார்கள் என்றார். அவரை இசைய வைத்தவை மற்ற நகரங்களின் அனுபவங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நகர மையத்தின் பெயரான சென்டர் சிட்டி என்பதை 1682இன் பழைய நகர எல்லைப்படி வைன் தெருவிலிருந்து சவுத் தெரு வரை என்று சொல்வது மரபு. ஆனால் அங்குள்ள மையப் பகுதி மேம்பாட்டு அமைப்பு தன் ஆய்வுகளில் ஜிரார்ட் அவென்யூ முதல் டாஸ்கர் தெரு வரை விரிந்த ஒரு பெரிய மையத்தையும் கணக்கில் எடுக்கிறது. சிகாகோவின் 'லூப்' என்ற பெயரைக் கேட்டால் மனத்தில் வருவது 1897இல் நிறைவடைந்த உயர்மட்ட ரயில் வளையம். நகரத்தின் அதிகாரபூர்வப் பகுதியான லூப் அந்த வளையத்தைத் தாண்டி ஆற்றையும் ஏரியையும் தொடுகிறது. நியூயார்க்கில் இது இன்னும் வெளிப்படை. மன்ஹாட்டனில் 'டவுன்டவுன்' என்றால் தெற்கு முனை, ஏறத்தாழ 14ஆம் தெருவுக்குக் கீழே. ஆனால் 2025 ஜனவரியில், நெரிசலான பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணம் தொடங்கியபோது, சட்டம் சொல்லும் மைய வணிகப் பகுதி 60ஆம் தெருவரை மேலே போயிற்று. மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுன் முழுக்க அதற்குள் வந்தாலும், அதை டவுன்டவுன் என்று அங்கே யாரும் கூப்பிடத் தொடங்கிவிடவில்லை. இந்தக் கடைசிச் செய்தி எங்கள் குழு கலைந்தபிறகு வந்தது. அன்று கையில் இருந்திருந்தால் ஒரு கூட்டம் மிச்சமாகியிருக்கும்.

கட்டணக் கோடு மிகச் சிறியது. தினமும் துப்புரவுப் பணியாளரும் காவலரும் உண்மையிலேயே வந்து போகும் தெருக்கள் மட்டும். சேவை போகாத இடத்தில் காசு வாங்கக் கூடாது என்பதே காரணம்.

பார்க்கிங் விலக்குக் கோடு, பேருந்து நிலையத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் நடக்கும் தூரத்தை வைத்துப் போடப்பட்டது. ஐந்து நிமிட நடை என்று நகரமைப்பில் வழக்கமாகக் கொள்ளும் 400 மீட்டர். அதையும் நேர்கோட்டில் அளக்காமல் தெரு வழியாகவே அளந்தோம். இதனால் கிடங்குப் பகுதியில் பாதி உள்ளே வந்தது, பாதி வெளியே போனது. உரிமையாளர் முணுமுணுத்தாலும், அளவு என்ன என்று தெரிந்ததால் ஏற்றுக்கொண்டார்.

தெரு வேலைக் கோடுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. சுரங்கப்பாதையும் அதற்கு அப்பால் உள்ள முதல் தெருவும் இதில் சேர்ந்தன. தண்டவாளம் மையத்தை வெட்டுகிறதா என்ற கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. வெட்டுகிறது என்றால், தைக்க வேண்டிய இடம் அதுதானே என்று பெண்மணி கேட்டார். அதைப் பரிந்துரையில் அப்படியே எழுதினோம்.

கோட்டை எங்கே ஓட்டுவது என்பதில் ஒரு நுட்பமான தகராறு வந்தது. பழக்கத்தில் எல்லைக் கோடு தெருவின் நடுவில் ஓடும். வரைய எளிது, படிக்க எளிது. ஆனால் தெருவில் நடப்பவருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் ஒரு தெரு. நடுவில் வெட்டினால் இந்தப் பக்கக் கடை மையம், எதிர்க் கடை வெளியே என்றாகிவிடும். அதனால் கோட்டைத் தெருவிலிருந்து எடுத்து மனைகளின் பின்புற எல்லைக்குத் தள்ளினோம். இரண்டு தெருவுக்கும் முகம் காட்டும் கட்டடங்களில் இது சிக்கலானது. அவற்றின் கட்டணத்துக்கு, முதன்மை வாசல் எந்தத் தெருவில் இருக்கிறதோ அதையே கணக்கில் கொண்டோம்.

நான்காவது ஒரு முடிவும் உண்டு. 'நகர மையம்' என்ற பெயருக்கு எல்லையே போடுவதில்லை, அதை மக்கள் வாயிலேயே விட்டுவிடுவது. மூத்தவருக்கு இது பிடித்திருந்தது.

## பின்விளைவுகள்

கட்டணம், ஒரு தெருவின் ஆட்சேபனை மனுவைத் தவிர, பெரிய எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. சுரங்கப்பாதையில் விளக்குகள் வந்தன, நீர்க்கசிவு அடைக்கப்பட்டது. அப்பால் உள்ளவர்கள் மாலையிலும் அதன் வழியே நடக்கத் தொடங்கினார்கள்.

பார்க்கிங் விலக்கில் நாங்கள் யோசிக்காத ஒன்று நடந்தது. கிடங்குப் பகுதியில் அலுவலகங்கள் வந்தன, வண்டி நிறுத்த இடம் விடவில்லை, விதிப்படி விடத் தேவையுமில்லை. அங்கே வேலைக்கு வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே, குடியிருப்புத் தெருக்களில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போனார்கள். விலக்கு கோட்டோடு நின்றது, வண்டிகள் நிற்கவில்லை. லண்டன் நெரிசல் கட்டணத்தை 2003இல் தொடங்கி, 2007இல் மேற்கே விரித்து, 2011 தொடக்கத்தில் அந்த விரிவை மட்டும் விலக்கிக்கொண்டதை நாங்கள் படித்திருந்தோம். கோட்டை நகர்த்தலாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டோமே தவிர, கோட்டுக்கு வெளியே முதல் தெருவில் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்கவில்லை. குடியிருப்போருக்கான அனுமதி அட்டை முறை பிறகு வந்தது. அதற்குள் அந்தத் தெருக்களில் பல சண்டைகள் நடந்து முடிந்திருந்தன.

இதைவிட வருத்தமானது வேறொன்று. நகர நிர்வாகத்தின் மற்றொரு பிரிவு, இரவுத் துப்புரவு நேரத்தை மாற்றியமைக்க ஒரு வரைபடம் தேடியிருக்கிறது. எங்கள் கட்டணக் கோட்டு வரைபடம் கிடைத்தது. அதன் தலைப்பில் 'நகர மையம்' என்று நான்தான் எழுதியிருந்தேன், பழக்க தோஷம். அவர்கள் அதை நம்பி, கோட்டுக்கு வெளியே இருந்த தெருக்களில் நகரத்தின் வழக்கமான துப்புரவைக் குறைத்துவிட்டார்கள். கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரயில் பாதைக்கு அப்பால் உள்ள தெருவில் குப்பை சேரத் தொடங்கியதும் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். "நம்ம கோடு எங்களை வெளிய தள்ளிடுச்சு" என்றார். விசாரித்து, விளக்கி, பழைய நேரத்தைத் திரும்பப் பெற்றோம். வரைபடத்தின் தலைப்பை 'பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் மனைகள்' என்று மாற்றினேன். வேறு பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது என்ற வரியைக் கோட்டின் மேலேயே அச்சிட்டேன். ஆனால் அந்தத் தெருக்காரர்கள் பட்டது பட்டதுதான்.

சந்தைத் தெருவுக்கு வருகிறேன். அது மூன்று கோட்டுக்கும் வெளியே போனது. அளவில் கொஞ்சத்தில் தேறவில்லை, தினசரிச் சேவை அங்கே போகவில்லை, நிலையங்களிலிருந்து 400 மீட்டரைச் சற்றே தாண்டியது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகச் சரி. சேர்த்துப் பார்த்தால், ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த ஒரு தெருவுக்கு விளக்கும் இல்லை, நடைபாதையும் இல்லை, புதிதாகக் கட்டுபவருக்குச் சலுகையும் இல்லை. பக்கத்துத் தெருவில் எல்லாம் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து கடைகள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன. கைவிடு மண்டலம் என்று ஆசிரியர் சொன்னதை நான் ஒரு வர்ணனையாகவே எழுதிக்கொண்டேன். கைவிடுவதில் எங்கள் கோட்டுக்கும் பங்கிருக்கும் என்று அன்று தோன்றவில்லை.

## மீண்டும் செய்தால் மாற்றுவது

எல்லையைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தக் கோடு எதற்கு, யாரிடம் வாங்க, யாருக்குக் கொடுக்க என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைப்பேன். அதைச் செய்யாததால் மூன்று கூட்டங்கள் போயின. ஆனால் அந்த மூன்று கூட்டங்களும் சுரங்கப்பாதை நடையும் இல்லாமல் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியிருக்குமா என்பதும் நியாயமான சந்தேகம்.

இரவில் நடந்து பார்ப்பேன். திட்டம் முடிந்தபிறகு ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குப் போனேன். பகலில் பரந்து கிடந்த மையம் இரண்டு தெருக்களாகச் சுருங்கியிருந்தது. அதில் ஒன்று சந்தைத் தெருவின் முனை, மிச்சமிருந்த கடைகள் அங்கே நேரங்கழித்து மூடுகிறவை. எங்கள் தாள்களில் அது எங்கும் பதிவாகவில்லை.

குழுவில் வாடகைக்கு இருப்பவர் ஒருவராவது வேண்டும். கட்டணத்தை உரிமையாளரிடம் வாங்குவதாக நாங்கள் எழுதினோம். பல கட்டடங்களில் அது வாடகையோடு சேர்ந்து கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் குரல் எந்தக் கூட்டத்திலும் கேட்கவில்லை.

கோட்டுக்குக் காலக்கெடு வைப்பேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் மைய வணிகப் பகுதிகளுக்குத் தானே எல்லை குறித்து வந்த பழக்கத்தை 1982க்குப் பிறகு நிறுத்திவிட்டது. அத்தனை பெரிய அமைப்பே விட்டுவிட்ட வேலையை, ஒரு சிறிய குழு ஒரு முறை செய்து என்றைக்கும் நிற்கும் என்று எண்ணியது தவறு. இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்ற விதியை நகர மன்றம் சேர்த்திருக்கிறது.

எல்லாக் கோடுகளையும் போட்டு முடித்தபிறகு, எதிலுமே வராத தெரு எது என்று தேடிப் பார்ப்பேன். அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிமிட வேலை. மக்கள் வரைந்த தாள்களுக்கு அதைச் செய்தோம், எங்கள் சொந்தக் கோடுகளுக்குச் செய்யவில்லை.

முதல் மறுபரிசீலனைக்குக் குழுவை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். மூத்தவருக்கு உடம்பு முடியவில்லை, அவர் இடத்தில் சந்தைத் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் வருகிறார். தெரு வேலைக் கோட்டை அந்தத் தெருவரை நீட்டுவது பட்டியலில் முதல் பொருள். கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் அங்கே கூடி ஒன்றாக நடப்பது என்று பேசியிருக்கிறோம்.